பாலத்தில் மறிக்க வேண்டாம்

செப்டம்பர் 5, செவ்வாய்

கணக்குப் பரீட்சை சுமார். மழை. சைக்கிள் சங்கிலி மறுபடியும் கழன்றுவிட்டது.

அதையெல்லாம் எழுத இந்த நாட்குறிப்பை எடுக்கவில்லை. போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருமுவது கேட்கிறது.

இன்று ஃபவாஸ் வந்திருந்தான். லமீஸின் அண்ணன். இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி என் அண்ணன் கைஸுக்கும் லமீஸுக்கும் கல்யாணம். கைஸ் ரொட்டி வாங்கப் போன நேரம் பார்த்து ஃபவாஸ் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டான்.

"ஏ தீமா, மாப்பிள்ளை வண்டியில பின்சீட்டு உனக்குத்தான? பாலம் வந்ததும் வீடியோ எடுக்க ஆரம்பிச்சிடு."

"எந்தப் பாலம்ணா?"

"நெடுஞ்சாலைப் பாலம்தான். மூணு தடம், மூணு வண்டி. டப்புனு நிப்போம். உங்கண்ணன் இறங்கி வந்து பொண்ணைக் கேக்கணும். அப்பதான் வழி விடுவோம். அவனுக்குத் தெரியக் கூடாது, ஆமா. சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். ஏன் பண்ணினேன்?

சிரியாவில் எங்கள் ஊரான டெய்ர் எஸ்ஸோரில் இது வழக்கம். பெண்ணை ஏற்றிப் போகும் ஊர்வலத்தை அவள் அண்ணன் தம்பிகள் மறிப்பார்கள். யாரும் மறிக்காமல் போகிற பெண்ணுக்குக் கேட்க நாதியில்லை என்று பேசுவார்கள். ஆனால் அங்கே அது ஆற்றங்கரை மண் பாதை. இங்கே ஜெர்மனியில் பின்னால் லாரி வரும்.

செப்டம்பர் 6, புதன்

தூக்கம் வரவில்லை. போன வருஷம் ஃபவாஸின் சிநேகிதன் கல்யாணத்தில் இதேபோல மறித்தார்கள். எங்கள் வண்டி கடைசிக்கு முந்தையது. எல்லோரும் இறங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். பிரேக் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கடைசி வண்டியின் பின்பக்கம் லாரி மோதி அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. நல்லவேளை, அதில் இருந்தவர்கள் ஆட இறங்கிவிட்டிருந்தார்கள்.

ஆட இறங்காமல் இருந்திருந்தால்? இந்த முறை அந்த இடத்தில் யார் இருப்பார்கள்?

வண்டியை நடுச்சாலையில் நிறுத்தியதற்காக அந்த மாப்பிள்ளையின் ஓட்டுநர் உரிமம் போனது. இன்னும் திரும்பவில்லை.

செப்டம்பர் 9, சனி

கைஸ் அக்டோபரில் நகரப் பேருந்து ஓட்டப் போகிறான். சீருடை வந்துவிட்டது. போட்டுக்கொண்டு கூடத்தில் நின்று, "முன்னாடி ஏறுங்க, பின்னாடி இறங்குங்க!" என்றான். அம்மா ஏறுவது மாதிரி நடித்தாள். அப்பாகூடச் சிரித்தார்.

மாப்பிள்ளை வண்டியையும் அவனேதான் ஓட்டுவானாம். "பஸ் டிரைவருக்கு இன்னொருத்தன் வண்டி ஓட்டுறதா? என் பொண்டாட்டிய நானே கூட்டிட்டு வருவேன்." அப்பா வேண்டாமென்றார். அவன் கேட்கவில்லை.

அப்படியானால் பாலத்தில் வண்டியை நிறுத்தப் போவது அவன். உரிமம் போனால் பேருந்தும் போயிற்று. எத்தனை கிடங்குகளில் பெட்டி தூக்கிக்கொண்டே ஜெர்மன் படித்து இந்த வேலையைப் பிடித்தான்! இறங்கும்போது பக்கத்துத் தடத்தில் ஒரு வண்டி வந்தால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

போலீசுக்குப் பெயர் போடாமல் ஒரு செய்தி தட்டினேன். நாள், பாலம், மூன்று வண்டி. அழித்தேன். மறுபடி தட்டினேன். சொந்த அண்ணன் கல்யாணத்தைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஆகிவிட்டால் அப்புறம் எந்த வீட்டு வாசலை நான் மிதிப்பது?

அழித்துவிட்டேன்.

கைஸிடம் சொல்லலாமா? அவன் நேரே போய் ஃபவாஸின் சட்டையைப் பிடிப்பான். கல்யாணமே நின்றாலும் நிற்கும்.

செப்டம்பர் 14, வியாழன்

லமீஸிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு மருதாணிக் கோலம் தேர்ந்தெடுக்கும் சாக்கில் போனேன். அவள் பயப்படுவாள், அண்ணனைத் தடுப்பாள் என்று நினைத்தேன்.

அவள் முகம் மலர்ந்தது!

"நிஜமாவா? எனக்காகவா?"

"அண்ணி, நெடுஞ்சாலை. லாரி வரும்."

"உனக்குப் புரியாதுடி. உனக்கு அப்பா இருக்காரு. எங்கப்பா செத்ததுலேருந்து எல்லா அத்தைகளும் என்னைப் பாவம் பாவம்னு பாக்குறாங்க. ஒரே ஒரு நாள் எனக்காகவும் நாலு பேர் வழியில நிக்கட்டுமே."

அவள் சொல்வதும் நியாயம்தானே. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. யாருமே கெட்டவர்கள் இல்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

சாப்பிடவில்லை. அம்மாவிடம் வயிற்றுவலி என்றேன்.

செப்டம்பர் 18, திங்கள்

சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் பள்ளிக்கு ஒரு போலீஸ்காரம்மா வந்தார். எல்லோரும் போனபிறகு பையை மெதுவாக அடுக்கிக்கொண்டே கேட்டேன், கல்யாண ஊர்வலம் தப்பா என்று.

"கல்யாணத்துக்கு யாரு தடை சொன்னா? தாராளமாப் போங்க. சிக்னல் சிவப்பானா ஊர்வலம் ரெண்டாப் பிரியட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது. ஜன்னல்ல யாரும் தொங்கக் கூடாது. நம்பர் பிளேட்டைப் பூ வச்சு மூடக் கூடாது. ஹாரன்..." உதட்டைச் சுழித்தார். "அதுவும் கூடாதுதான்."

"வழி மறிக்கிற சடங்கு இருந்தா?"

"சாலையில கூடவே கூடாது. மண்டபத்துக்குள்ள, மண்டபக்காரர் சம்மதிச்சா, விடிய விடிய மறிச்சுக்கோங்க." பிறகு என்னையே பார்த்தார். "யாரு கல்யாணம்மா?"

"சும்மா கேட்டேன்."

கழிப்பறையில் போய் வெகுநேரம் நின்றேன். என்னைக் கண்டுபிடித்துவிடுவாரா? வீட்டுக்கு வருவாரா?

மாலை லமீஸிடம் எல்லாம் சொன்னேன். மண்டபத்துக் கேட்டுக்கு உள்ளே மறிக்கலாம், மறிப்பது மறிப்புத்தானே, என்றேன். அவள் என்னிடம் முகம் கொடுக்காமல் துணி மடித்தாள்.

செப்டம்பர் 20, புதன்

ஃபவாஸ் போன் பண்ணினான்.

"போலீசுக்கா போன நீ?"

"இல்லண்ணா. அவங்க ஸ்கூலுக்கு வந்தாங்க. பேர் எதுவும் சொல்லல."

"என் தங்கச்சி வழிய பார்க்கிங்ல மறிக்கணுமா? அவ என்ன சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியா?"

"அண்ணா, கைஸ் அண்ணா வேலை போயிடும்ணா. போன வருஷம் அந்த லாரி —"

வைத்துவிட்டான். என்ன செய்யப் போகிறான் என்று சொல்லவில்லை. சொல்லவே இல்லையே!

செப்டம்பர் 24, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

லமீஸை அவள் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டோம். கைஸ் ஓட்டினான், லமீஸ் அவன் பக்கத்தில், நான் பின்னால். நம்பர் பிளேட்டில் தொங்கிய ரிப்பனை யாரும் பார்க்காதபோது கத்தரித்துவிட்டேன். முதல் சிக்னலிலேயே சித்தப்பா பையன் ஜன்னலில் உட்கார்ந்து மேளம் அடித்தான். அப்பா தன் வண்டியிலிருந்து கத்தி அவனை உள்ளே போக வைத்தார்.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் ஃபவாஸின் வண்டி எங்களைத் தாண்டியது. பின்னாலேயே இன்னும் இரண்டு. லமீஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். முக்காட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை.

பாலம். மூன்று வண்டிகளும் மூன்று தடத்தில் இணையாகப் போயின. ஃபவாஸின் பிரேக் விளக்கு எரிந்தது. கைஸ் வேகத்தைக் குறைத்தான். பின்கண்ணாடியில் பால் லாரி ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அண்ணா, நிறுத்தாத!" என்று கத்திவிட்டேன்.

விளக்கு அணைந்தது. ஃபவாஸ் போய்விட்டான். மற்ற இரண்டும் வலது தடத்துக்கு ஒதுங்கி அவன் பின்னாலேயே போயின.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றான் கைஸ்.

மண்டபத்துக் கேட்டுக்குள் நுழைந்தால் மூன்று வண்டிகள் குறுக்கே. முன்னால் ஃபவாஸ், கைகளை விரித்துக்கொண்டு. "பொண்ணு சும்மா வர மாட்டா மாப்பிள்ளை! இறங்கி வந்து கேளு!" கைஸ் இறங்கினான். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. லமீஸ் வண்டிக்குள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் கேட்டைப் பார்த்தேன். ஐயோ. மற்ற வண்டிகளை யாருமே யோசிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே, தெருமுனை தாண்டி, ஊர்வலம் முழுக்கச் சாலையில் நின்றது. ஒரு பேருந்தும் மாட்டிக்கொண்டிருந்தது. உயரச் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். "நிக்காதீங்க, எதிர்ல காலி இடம் இருக்கு, அங்க போங்க!" பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் ஹாரன் அடித்தார்கள்.

போலீஸ் வந்தது.

ஃபவாஸ் என்னைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனான். "மறிச்சது நான். மாப்பிள்ளை வண்டி உள்ள இருக்கு, அவனுக்கு எதுவும் தெரியாது." அடையாள அட்டையை நீட்டினான். அவன் பெயரில் மட்டும் அபராதம் எழுதினார்கள். கைஸை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, "செருப்பைப் போடு, கண்ணாடி குத்தும்" என்றான். அவ்வளவுதான்.

அக்டோபர் 2, திங்கள்

கைஸ் முதல் நாள் பேருந்து ஓட்டினான். பள்ளி நிறுத்தத்தில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கதவைத் திறந்தான். கண்ணில் மட்டும் சிரிப்பு.

அக்டோபர் 8, ஞாயிறு

புதுத் தம்பதிக்கு எங்கள் வீட்டில் விருந்து. ஃபவாஸும் வந்தான். தட்டிலிருந்த கடைசிக் கத்தரிக்காய்த் துண்டு மாதிரி நான் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசவேயில்லை.

சாப்பாட்டின் நடுவே கைஸ் கேட்டான்: "ஒண்ணு கேக்கணும் மச்சான். எல்லாரும் பாலத்துலதான மறிப்பாங்க? நீ பிரேக் போட்டப்ப, சரி வந்துட்டான்னு நானும் சீட் பெல்ட்டைக் கழட்டிட்டேன். இறங்க ரெடியாத்தான் இருந்தேன். ஏன் விட்ட?"

என் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. லமீஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃபவாஸ் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான்.

"பாலத்துல காத்து ஜாஸ்தி மச்சான். லமீஸோட முக்காடு பறந்திருக்கும்."

அப்பா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஃபவாஸ் தண்ணீர் ஜாடியை எடுத்து, நான் கேட்காமலே, என் டம்ளரை நிரப்பினான்.