பதினேழாவது வரியில் என் பிறந்தநாள்

தூங்கும்போதுகூட ஒரு கையை என் பக்கம் நீட்டியே வைத்திருந்த என் சரண்யாக்காவுக்கு,

அம்மா அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை. அதனால் லைட்டைப் போடாமல் உன் கம்ப்யூட்டரின் திரை வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் பிசிக்ஸ் ரெக்கார்டு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் இது இருக்கிறது.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நான்கே நாள் காய்ச்சல். இந்த மழைக்கும் ஏரி நிரம்பிவிட்டது. நம் பருத்திப்பட்டு ஊரே சாயங்காலம் அதைச் சுற்றி நடக்கிறது. நீ இல்லாமல் அப்பா மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. வேலை முடிந்து வரும்போதும் பின்பக்கத் தெரு வழியாகத்தான் வருகிறார்.

உன் ஆராய்ச்சிக் கட்டுரை முடிந்துவிட்டது, அக்கா. உன்னோடு அதே சாரிடம் ஆராய்ச்சி செய்த தினேஷ் அண்ணன்தான் மீதியை எழுதினார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து காட்டினார். முதல் பெயர் உன்னுடையது. வருகிற திங்கட்கிழமை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறார்கள். அன்றிலிருந்து அம்மா இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது எல்லோரிடமும் சொல்கிறாள்: “எம் பொண்ணு பூட்டா. ஆனா அவ கண்டுபுடிச்சது கீதுல்ல. அத யாரும் எத்துகினு போவ முடியாதுல்ல.”

அக்கா, அது தப்பு.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீதான் பார்க்க வேண்டும்.

ஒரு காந்தத்துக்குள் கோடிக்கணக்கான குட்டி அம்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பது பார்க்கும் திசையையே பார்க்க விரும்பும். ஆவடி பிளாட்பாரத்தைக் காட்டி நீ சொன்னாய்: “ஒத்தன் ரயில் வருதான்னு தலைய திருப்பினா போதும்டி. பக்கத்துல கீறவன் திருப்புவான், அவனுக்குப் பக்கத்துல கீறவனும் திருப்புவான்.” சூடு ஏறினால் அம்புகள் நிலைகொள்ளாமல் ஆடும். ஒரு குறிப்பிட்ட சூட்டில் மொத்த பிளாட்பாரமும் ஒன்றாகத் திரும்புவது நின்றுபோகும். அந்த இடத்துக்கு அருகில் அது எப்படிக் குலைகிறது என்பதைச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. அதைத்தான் நீ தேடினாய்.

நீ எடுத்துக்கொண்ட அம்பு அடுக்குக்கு அந்த எண்ணைக் காகிதத்தில் போட்டுக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. அதனால் கம்ப்யூட்டர் ஒவ்வோர் அம்புக்கும் பகடை உருட்டி, திருப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். கோடி கோடி முறை உருட்டிச் சராசரி எடுக்கும். ஆனால் கம்ப்யூட்டரிடம் நிஜப் பகடை கிடையாது. தொடக்கமாக ஓர் எண்ணைக் கொடுத்தால், பகடை உருட்டியது போலத் தோன்றும் ஒரு நீண்ட வரிசையை அதிலிருந்து உண்டாக்கிக்கொள்ளும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசைதான் வரும்.

“பவி, ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லுடி” என்றாய் ஒரு நாள். நான் காலில் மருதாணியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் பிறந்த தேதியைச் சொன்னேன். “ஆங், இது போதும். புரோகிராம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்குற வரைக்கும் இது இருக்கட்டும். அப்புறம் கடிகாரத்துலேர்ந்து ஒவ்வொரு தபாவும் வேற நம்பர் எடுத்துக்க சொல்லிடலாம்” என்றாய்.

அந்தத் தேதி உன் புரோகிராமில் பதினேழாவது வரி. அதற்குப் பக்கத்திலேயே, அப்புறம் மாத்தணும் என்று நீ எழுதி வைத்திருக்கிறாய். மாற்றவில்லை, அக்கா.

அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நம் தெரு டிரான்ஸ்பார்மரைப் பற்றி உனக்குத் தெரியும். கொஞ்சம் காற்று அடித்தால் கரண்ட் போய்விடும். “கரண்ட் போச்சுன்னா உன் கணக்கு இன்னாமா ஆவும்?” என்று அப்பா கேட்டார். “ஒண்ணியும் ஆவாது நைனா. உட்ட எடத்துலேர்ந்து புடிச்சிக்கும்” என்றாய். உண்மைதான். மணிக்கு ஒரு தடவை எல்லா அம்புகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை உன் புரோகிராம் சேமித்து வைத்தது. பகடை எதுவரை உருண்டது என்பதைச் சேமிக்கவில்லை. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்தபோதும் அம்புகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. பகடை மட்டும் என் பிறந்தநாளிலிருந்து மறுபடி உருண்டது. அதே வரிசை. திரும்பத் திரும்ப அதே வரிசை.

புரோகிராமை எட்டு ஓட்டம் விட்டாய், ஒன்று முடிந்தால் இன்னொன்று. எட்டாவது முடிந்த சாயங்காலம் என்னை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாய். மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு நீ சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தாய். “எட்டும் ஒரே விடைய சொல்லுதுடி. இதுக்கு முன்னாடி எல்லாரும் சொன்ன நம்பர் இல்ல இது. வேற நம்பர்.” உன் கண்ணில் தண்ணீர் நின்றது. பஜ்ஜி காரம் என்று சொன்னாய்.

பரீட்சையில் எட்டுப் பேர் ஒரே பிட்டைப் பார்த்து எழுதினால் எட்டு விடையும் ஒன்றாகத்தான் இருக்கும். இதுவும் அப்படித்தான், அக்கா.

நான் தப்புத் தேடிப் போகவில்லை. இந்தக் கம்ப்யூட்டரின் மின்விசிறிச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன் அல்லவா? அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. அதற்காகத்தான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அப்படியே உன் புரோகிராமைத் திறந்து படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் இவ்வளவு புரியும் அளவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சொல்லிக்கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

பதினேழாவது வரியைக் கடிகாரத்துக்கு மாற்றினேன். பகடை எதுவரை உருண்டது என்பதையும் சேமிக்கச் சொன்னேன். சின்ன அடுக்காக எடுத்து, எட்டு ஓட்டம் விட்டேன். எட்டும் எட்டுப் பக்கம் போயின. சராசரி, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த அந்தப் பழைய எண்ணிலேயே வந்து நின்றது. அதே சின்ன அடுக்கை உன் பழைய வரியோடு, கரண்ட் போவது போல நடுவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உன் புது எண் வருகிறது. மறுபடி விட்டேன். மூன்று வாரம் விட்டேன். பள்ளியில் ரிவிஷன் டெஸ்ட் இரண்டில் பெயில்.

“இன்னாத்துக்குமா ராவெல்லாம் அது ஓடிகினே கீது?” என்று அப்பா கேட்டார். “சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருது நைனா” என்றேன்.  உன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் தினேஷ் அண்ணனிடம் சொன்னேன்.  அவர் பக்கம் பஸ் சத்தம் கேட்டது.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லண்ணா.”

“அந்த வரிய நானும் பாத்தேன் பவி. போன மாசமே.”

“அப்புறம் ஏண்ணா?”

“உங்கம்மா எனக்கு சோறு போட்டுகினே கேட்டாங்க, அவ பேரு நெலைச்சிடும்ல தம்பின்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்? நீயே சொல்லு.”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். “இத யாரும் பெருசா படிக்கப் போறதில்ல. உட்டுடு பவி” என்றார்.  கெட்டவர் இல்லை அவர். உன் செருப்பு இன்னும் வாசலில் இருப்பதைப் பார்த்துவிட்டு அன்று திரும்பி நின்று கண்ணைத் துடைத்தவர்.

யாரும் படிக்காமல் போனால் நீ எதற்காக அந்த நான்கு வருடம் உட்கார்ந்தாய்? யாராவது படித்தால், அவர்கள் தங்கள் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். விடை வராது. அப்போது உன் பெயரை எப்படிச் சொல்வார்கள்? அதற்குப் பதில் சொல்ல நீ இருக்க மாட்டாய். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது.

ஒரு முறை ஏதோ ஒரு வரைபடத்தில் உன் தப்பை நீயே கண்டுபிடித்தாய். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா முறுக்கையும் காலி செய்துவிட்டு, எழுந்து போய் மூன்று மாத வேலையை அழித்தாய். “புடிக்காத விடை வந்தா எல்லாரும் ரெண்டாவது தபா பாப்பாங்கடி. புடிச்ச விடையத்தான் யாரும் பாக்கறதில்ல” என்றாய். இந்த ஒன்றை மட்டும் நீ ஏன் பார்க்கவில்லை? பஜ்ஜி சாப்பிட்டதற்கும் காய்ச்சல் வந்ததற்கும் நடுவில் ஒன்பது நாள்தான் இருந்தது. நாள் கிடைத்திருந்தால் பார்த்திருப்பாயோ? அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்று சாயங்காலம் அம்மா பூந்தமல்லி போய்க் கண்ணாடி பிரேம் ஒன்று வாங்கி வந்தாள். உன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். வருட நாளன்று உன் கட்டுரையின் முதல் பக்கத்தை அதில் வைக்கப் போகிறாளாம். “பேப்பர் சைசு சரியா கீதா, பாருடி” என்றாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

இப்போது அது வெறும் கண்ணாடியாகத் தொங்குகிறது. இங்கிருந்து பார்த்தால் அதில் இந்தத் திரையின் வெளிச்சம் தெரிகிறது.

நாளை ஞாயிறு. தினேஷ் அண்ணன் திங்கட்கிழமை அனுப்புவதற்குள் நான் உன் ஆராய்ச்சி சாருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வேறு யார் வாயாலும் அவள் இதைக் கேட்கக் கூடாது. அவள் கேட்கப் போவது ஒன்றைத்தான்: அப்போ அவ இன்னாதான் உட்டுட்டுப் போனா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. விடியும்வரை யோசித்தாலும் வராது. நாளையிலிருந்து அவள் மறுபடி சாப்பிடாமல் இருக்கலாம். என்னோடு பேசாமல் இருக்கலாம். அந்த பிரேமில் வைக்க நம் வீட்டில் வேறு எதுவும் இல்லை.

ஆனாலும் சொல்லிவிடுவேன், அக்கா. காலையில் அவள் உனக்கு விளக்கு ஏற்றுவதற்கு முன்பாகவே சொல்லிவிடுவேன். நீ இரண்டாவது தடவை பார்க்காத ஓர் எண் உன் பெயரோடு போகாது. இது சத்தியம்.

மருதாணிக் காலோடு உட்கார்ந்து உனக்கு அந்த எண்ணைச் சொன்ன,
உன் தங்கை
பவி