நான்காவது கோப்பை

அக்டோபர் 9, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: "இது எங்கள் வீட்டு ஒயின்."

ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் அந்தக் கோப்பையை என் முன்னாலிருந்து எடுத்திருப்பார்கள். விதி அப்படி. அமர்வு தொடங்குமுன் ஐந்து பேரும் கையெழுத்துப் போடுகிறோம் – யாருடைய ஒயின் என்று தெரிந்துவிட்டால் உடனே சொல்ல வேண்டும், அதை வேறு ஐவர் சுவைப்பார்கள். மூன்று வருடமாகப் போடும் கையெழுத்து. இன்று என் பேனா எழுதவில்லை. தலைவர் தெலெஸ்காவின் பேனாவை வாங்கிப் போட்டேன்.

பொதென்சா அலுவலகம், காலை பத்து மணி. ஒன்பது கோப்பைகள், எண்கள் மட்டும். எல்லாமே எங்கள் வுல்தூரே மலையைச் சுற்றி விளைந்த அல்யானிக்கோ திராட்சை, போன வருட அறுவடை. நாங்கள் தேற்றினால் புட்டியில் மலையின் பெயரைப் போடலாம். தள்ளினால் அது வெறும் சிவப்பு ஒயின். எங்கே விளைந்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை போய்விடும்.

நான்காவது கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. ஈரமான எரிமலைக் கல். அணைத்த அடுப்பு. அதற்கும் பின்னால் பழைய கஷ்கொட்டை மரப் பீப்பாயின் பட்டை வாடை. அப்பா ஒயின் வைக்கும் குகை. ஐந்து வயதில் அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

பக்கத்தில் சுவைத்துக்கொண்டிருந்த க்ரியேக்கோ வாளியில் துப்பிவிட்டுச் சொன்னார்: "கட்ட வாடை தூக்கலா இருக்கு. எம் மாமியா பீரோவத் தொறந்தாப்ல."

"பேசாதீங்க. தாள்ல எழுதுங்க" என்றார் தெலெஸ்கா. ஆனால் அவரும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த வாயால் எப்படிச் சொல்வது, அது என் அப்பாவுடையது என்று?

'தகுதியில்லை' என்று எழுதினேன். தள்ளியவர்கள் மூவர், தேற்றியவர்கள் இருவர். மூன்றுக்கு இரண்டு. என் ஓட்டு மாறியிருந்தால் அது விழுந்திருக்காது. மற்ற எட்டும் தேறின.

வேறு யாருடையதாகவோ இருந்திருந்தால்? தேற்றியிருப்பேன். வாடை சற்றுத் தூக்கல்தான், குற்றம் இல்லை. அப்பாவுடையது என்பதால் கறாராக இருந்தேன். பேருந்தில் வரும்போது இதற்கு நேர்மை என்று பெயர் வைத்துப் பார்த்தேன். அத்தெல்லா திருப்பம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒட்டவில்லை.

அக்டோபர் 10, புதன்

நூலகத்திலிருந்து எடுத்த ரஷ்ய நாவல். நாற்பதாம் பக்கத்தை நான்கு முறை படித்தேன். யாருக்கோ காய்ச்சல் என்பது மட்டும் தெரிகிறது.

அக்டோபர் 12, வெள்ளி

இரவு உணவில் அப்பா கேட்டார்.

"செவ்வாக்கெழம எத்தன கோப்ப?"

"ஒம்போது."

"எல்லாம் தேறுச்சா?"

"சொல்லக் கூடாதுப்பா."

"எதுன்னா கேட்டேன்? எத்தனைன்னுதானே கேட்டேன்."

அம்மா கரண்டியை மேசையில் தட்டினாள். "சாப்புடுறப்ப புள்ளைய வெசாரிக்காதீங்க. நாளைக்குத் தபால்காரன் வருவான், அவனப் புடிச்சு வெசாரிங்க."

அப்பா பொரித்த மிளகாய் வற்றலைக் கையால் நொறுக்கிக் கொண்டைக்கடலை மேல் தூவினார். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திங்களோ செவ்வாயோ கடிதம் வரும். மூன்றுக்கு இரண்டு என்று அதில் இருக்கும். அந்த மூன்றில் ஒன்று எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

தயாராக இருங்கள் என்றாவது சொல்லலாமா? அதுவும் விதிக்கு எதிர்தான். விதியை மீறிய பிறகு விதிக்குப் பின்னால் ஒளிவது – என்ன வசதி.

அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். ஆறு எட்டு போனால் சன்னல். ஆறு எட்டு திரும்பினால் கதவு.

அக்டோபர் 15, திங்கள்

தபால்காரனின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது மாடியில் இருந்தேன். "எர்சீலியா" என்று அப்பா கூப்பிட்டார். இறங்கிப் போனேன்.

கடிதத்தை நீட்டினார். "படி. எனக்குக் கண்ணாடி கெடைக்கல." கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

தகுதி. ஐந்துக்கு ஐந்து.

இரண்டு முறை படித்தேன். ஐந்துக்கு ஐந்து என்றால் நானும் தேற்றியிருக்கிறேன். எந்தக் கோப்பை? நினைவே இல்லை. எட்டில் ஏதோ ஒன்று. முகர்ந்து, துப்பி, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன்.

அப்பா கடிதத்தைச் சமையலறையில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். நான் அழுதேன். மகிழ்ச்சி என்று நினைத்து அம்மா என் தலையைத் தடவினாள்.

மாலையில் ரொட்டிக் கடையிலிருந்து வந்து அம்மாதான் சொன்னாள். "பாவம் மிக்கெலீனா. அவளுது போயிருச்சாம். மூணுக்கு ரெண்டு. நம்ம பீப்பாயில வச்சும் தேறலையே."

"எந்தப் பீப்பா?"

"பழைய ரெண்டும் அப்பா போன வருசமே அவளுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரே. நீ வடக்க அறுவட வேலைக்குப் போயிருந்த அப்ப. ஒனக்கு இந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

உண்மைதான். அறுவடைக்குப் பின் குளிர்காலமும் அங்கேயே வேலை செய்துவிட்டு ஈஸ்டருக்கு வீடு திரும்பியவள் இதுவரை ஒரு தடவைகூடக் குகைக்குள் போகவில்லை. மெல்ஃபியில் ஆய்வக வேலை, பேருந்து, புத்தகம். மேசைக்கு வருவதும் முந்தைய வருட ஒயின்தான்.

மிக்கெலீனா அக்காவுடையது எங்களுக்கு அடுத்த குகை. இருபது வருடம் பள்ளிச் சமையலறையில் வேலை செய்தவர். தன் மாமா இறந்தபின் அவருடைய திராட்சைக் கொடிகள் இவருக்கு வந்தன. சொந்தப் பெயரில் செய்த முதல் ஒயின் இது.

நான் முகர்ந்தது பீப்பாயை. தள்ளியது அவரை.

அக்டோபர் 16, செவ்வாய்

குகைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அக்கா ரப்பர் செருப்போடு குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேல்முறையீடு பண்ணுங்கக்கா. பதினஞ்சு நாள் இருக்குல்ல."

"பதினஞ்சு நாள் நான் காத்திருப்பேன், கொடியில கெடக்குற பழம் காத்திருக்குமா? அடுத்த வாரம் அறுப்பு. பீப்பா காலியாவலன்னா புதுச எங்க ஊத்த, குளிக்கிற தொட்டியிலயா?"

"அப்ப இத?"

"வெள்ளிக்கெழம டேங்கர் வருது. வடக்க போவுது. அங்க எதோட கலந்து யாரு தலையில கட்டுவாங்களோ."

பெரிய பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை பிடித்துக் கொடுத்தார். குடித்தேன். பகலில், நின்றுகொண்டு, எண் இல்லாத கோப்பையில். நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு வருடத்தில் மிக நன்றாக இருக்கும்.

"நல்லாருக்குக்கா."

"ஆறுதல் சொல்ல வந்தியாக்கும்."

"இல்ல. நெசமாவே."

குழாயை உதறிவிட்டு நிமிர்ந்தார். "எனக்கு எது வலிக்குதுன்னா, யாரு என்னன்னே தெரியாம பாக்குறாங்கல்ல, அதான். என் மேல பகையில தள்ளுனான்னா, கட்டையில போறவனேன்னு திட்டிட்டு வேலையப் பாப்பேன். இவங்க ஆளப் பாக்கல. அப்ப சரக்குதான சரியில்லன்னு ஆகுது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். "கொழாய நான் புடிக்கவாக்கா?" என்று கேட்டேன்.

குழாயைப் பிடித்தேன்.

அக்டோபர் 17, புதன்

தெலெஸ்காவின் எண்ணை இரண்டு முறை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

கணக்கு மிக எளிது. நான் சொன்னால் அந்த ஓட்டு செல்லாது. வேறு ஐவர் சுவைப்பார்கள். அக்காவின் ஒயினுக்கு மலையின் பெயர் கிடைக்கலாம். ஆனால் தெலெஸ்கா கேட்பார்: யாருடையது என்று நினைத்தாய்? அப்பாவுடையது என்பேன். பொதென்சாவில் காலையில் சொன்னது மாலைக்குள் எங்கள் ரொட்டிக் கடைக்கு வந்துவிடும். அப்பாவுக்குத் தெரியும். பெற்றவருடையது என்று நினைத்து, நினைத்ததனாலேயே தள்ளிய மகள்.

அவர் அந்தக் கடிதத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் ஓரத்தை நேராக்கிவிட்டுப் போகிறார்.

அக்கா இழப்பது ஒரு வருட உழைப்பு. நான் இழப்பது – எதையோ. அதற்குச் சொல் தேடுவதிலேயே ஒரு நாளை ஓட்டிவிட்டேன். படித்த படிப்பெல்லாம் இதற்குத்தான் உதவுகிறது.

அக்டோபர் 18, வியாழன்

இன்றும் இல்லை.

டேங்கர் எத்தனை மணிக்கு வரும் என்று அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் அதற்குமுன் சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் 19, வெள்ளி

முதல் பேருந்தில் போய், அலுவலகம் திறக்கும் வரை படியில் நின்றிருந்தேன்.

தெலெஸ்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்து, "ஏம்மா, அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அரை நிமிச வேல" என்றார்.

"தெரியும் சார்."

"ஒங்க பேர லிஸ்ட்லேருந்து எடுக்க வேண்டியிருக்கும்."

"தெரியும்."

எழுதிக் கொடுத்தேன். அந்த ஓட்டு ரத்து, வேறு ஐவர் சுவைப்பார்கள் என்றார். "அந்தம்மாவுக்கு நான் போன் பண்ணவா?"

"வேணாம். நானே நேர்ல சொல்றேன்" என்றேன். அது தைரியம் என்று அப்போது தோன்றியது.

ஊர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை. குகைத் தெருவில் கால் வைத்ததுமே வாடை. கல்லிடுக்குகளில் சிந்திய ஒயின், ஈர மண்ணில் பெரிய டயர்த் தடம். அக்கா பெரிய பீப்பாய்க்குள் தலையைவிட்டுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். சின்னது மட்டும் நிறைந்திருந்தது. வீட்டுக்கு இருக்கட்டும் என்று டேங்கர்காரனைத் தொடவிடவில்லையாம்.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். சிரித்ததைக்கூட.

அக்கா தண்ணீரை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "என்னோடதுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழம சாயங்காலம்."

விரலை மடக்கினார். செவ்வாய். புதன். வியாழன். மூன்று விரலும் மடங்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டார்.

அக்டோபர் 20, சனி

ஊர் சொல்லுமுன் நானே அப்பாவிடம் சொன்னேன். சுடுவதற்காகக் கஷ்கொட்டைகளைக் கீறிக்கொண்டிருந்தார். அம்மா தோட்டத்தில்.

"அப்ப, என்னோடதுன்னு நெனச்சுத்தான் தள்ளுன."

"ஆமாப்பா."

"வேத்தாளோடதுன்னு நெனச்சிருந்தா?"

"தேத்தியிருப்பேன்."

இன்னும் இரண்டு கொட்டை கீறினார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எத வச்சு என்னோடதுன்னு முடிவு பண்ணுன?"

"பட்ட வாடை. பழைய பீப்பா."

"அந்த வாடை வேணாம்னு சொன்னது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"படிப்பு முடிச்சு வந்த வருசம் குகைக்குள்ள வந்து மூக்கச் சுளிச்ச. 'இது என்னப்பா, ஒயினா கட்டையா? இந்த ரெண்டையும் தூக்கிப் போடுங்க'ன்ன. எங்கப்பன் செஞ்ச பீப்பா. மூணு வருசம் யோசிச்சேன். அப்புறம்தான் தூக்கிக் குடுத்துட்டுப் புதுசு வாங்கினேன்."

நான் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். அந்த வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

"அந்தப் புதுசுல வச்சதத்தான் அனுப்புனேன். ஒங்கிட்டச் சொல்லல, வீட்டுலயும் ஊத்தல. அங்க ஒன் மூக்குக்கு வரட்டும், என்ன சொல்றன்னு பாப்போம்னு இருந்தேன்."

"நான் தேத்தினேன்ப்பா. அஞ்சுக்கு அஞ்சு."

"அது தெரியும்." கொட்டைகளை வாணலியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். "எது என்னோடதுன்னு தெரியலையே ஒனக்கு."

பிறகு இருவரும் சாப்பிட்டோம். சூடாக இருந்தன. உரித்துத் தந்தார், எப்போதும்போல் பெரியதை என் பக்கம் தள்ளினார். அதையும் தின்றேன்.

நவம்பர் 22, வியாழன்

அறுவடை முடிந்தது. மூன்று வாரமாக விடுமுறை நாளில் எல்லாம் அப்பாவோடு குகையில். புதிய பீப்பாய்களை இப்போதுதான் பார்க்கிறேன். வழவழவென்று, எந்த வாடையும் இல்லாமல்.

பக்கத்துக் குகையில் அக்கா பெரிய பீப்பாயில் புதுசை நிரப்பிவிட்டார். மறு சுவைப்பு அடுத்த வாரம் என்று அம்மா சொன்னாள். அலுவலகத்திலிருந்து இனி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மார்ச் 3, ஞாயிறு

புதிய ஐவர் மிக்கெலீனா அக்காவின் ஒயினைத் தேற்றினார்கள். நாலுக்கு ஒன்று.

போன வாரம் புட்டியில் அடைத்தார். சின்னப் பீப்பாய் மட்டும்தான். ஐந்நூற்று முப்பது புட்டி. மலையின் பெயரும் அக்காவின் பெயரும் போட்டு, கழுத்தில் முத்திரைப் பட்டை ஒட்டியிருக்கிறார். வழியில் பார்த்தால் என்னிடம் பேசுகிறார். வானிலை பற்றி, அம்மாவின் முழங்கால் வலி பற்றி.

என் பெயர் பட்டியலில் இல்லை.

பெரிய பீப்பாயில் இருந்தது சின்னதைப்போல் நான்கு மடங்கு. அது அக்டோபரிலேயே வடக்கே போய்க் கலந்துவிட்டது.