மூடியிருந்த தொட்டி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அத்தான் உயிரோடு இருக்கிறார். ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருக்கிறார். கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. உதடெல்லாம் வெடித்து, அவர் முகம் மாதிரியே இல்லை. சிறுநீரகம் பழையபடி வேலை செய்யுமா என்று நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். எனக்கு ஒன்றுமில்லை. மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ இருக்கும் மலையில் போன் எடுக்காது. அதனால் வனக்காவல் ஜீப் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ தங்கப்போகும் ஓய்வுக் குடிலில் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து படி.

மூன்று பேரும் சேர்ந்து தொடங்கிய மலை நடையில் நீ எங்களை விட்டு முன்னால் போனதில் அத்தானுக்கு வருத்தமே இல்லை. எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சு, கூட்ஸ் வண்டி மெதுவா வரட்டும் என்றார். மண்ணில் உன் காலடித் தடத்தைப் பார்க்கும்போதெல்லாம், பாரு, என் மச்சினி இங்கேயும் நிக்கலை என்பார்.

பாதை பிரியும் இடத்துக்கு உச்சி வெயிலில் வந்தோம். இடப்பக்கம் இறங்கினால் ஓடை, அரை நாள் சுற்று. நேரே ஏறினால் முகட்டில் தண்ணீர்த் தொட்டி. இந்தப் பாதையின் வழக்கத்தை மறுபடியும் சொல்கிறேன். தொட்டி வறண்டிருந்தால் தகர மூடியை நிமிர்த்தித் திறந்து வைத்துவிட்டுப் போகவேண்டும். மூடியின் உட்பக்கச் சிவப்பு கீழேயிருந்து தெரிந்தால் ஓடைக்கு இறங்கலாம். தெரியாவிட்டால் மேலே தண்ணீர் இருக்கிறது என்று ஏறலாம். முதல் நாள் காவலர் இதைச் சொன்னபோது நீ வெளியே பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாய். பிறகு நான் சொன்னேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, சரிக்கா சரிக்கா என்றாய்.

சிவப்பு தெரியவில்லை. அத்தானுக்கு ஒரே குஷி. மிச்சமிருந்த தண்ணீரில் முகம் கழுவினார். ஏங்க வீணாக்குறீங்க என்றேன். மேலே தொட்டி நிறைய இருக்கு, குளிச்சே காட்டுறேன் பாரு என்றார்.

அவர்தான் முதலில் ஏறினார். நான் போய்ச் சேர்ந்தபோது மூடியைத் திறந்து, உள்ளே குனிந்தபடி அசையாமல் நின்றார். பாளம் பாளமாக வெடித்த சேறு. அதில் ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக்கிடந்தது. எனக்குப் புரியவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் கைக்கு அகப்படும் என்பதுபோல் உள்ளே கைவிட்டுத் துழாவினேன். எந்தப் பாவி மூடினான் என்று கத்தினேன். காத்து அடிச்சு மூடியிருக்கும், விடு என்றார்.

இறங்கும் வழியில் விழுந்துவிட்டார். பின்னால் வந்த ஒரு தாயும் மகளும் தங்கள் பாட்டிலிலிருந்து அவர் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். மகள் ஓடிப்போய்ச் சாலையில் வனக்காவல் ஜீப்பை மறித்தாள்; அதில்தான் இங்கே வந்து சேர்ந்தோம். அவர்கள் வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி தொடங்கியிருப்பேன்.

இன்று காலை நர்ஸ் அவர் துணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். சட்டைப் பைக்குள் ஒரு நீல ரிப்பன். முடிச்சு அப்படியே இருக்க, பக்கத்தில் கத்தியால் அறுத்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுகிறவள் நம் வீட்டில் ஒருத்திதான். காலிப் பாத்திரத்தைக்கூடத் திறந்து வைக்க விடமாட்டாய், பூச்சி விழும் என்பாய். எப்போதும் தண்ணீர் கூடுதலாகச் சுமப்பவள் நீ. நான் சொன்னது காதில் ஏறாததால், சிவப்பைப் பார்த்தும் சுற்றிப் போகாமல் நேரே ஏறியிருப்பாய். யாரோ பொறுப்பில்லாமல் திறந்து போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, காற்றில் பறக்காமல் கட்டியும் வைத்திருப்பாய்.

காற்று மூடியது என்றாரே அந்த மனிதர்! நாக்கு வறண்டு நின்ற நேரத்தில், நான் ஏறி வருவதற்குள் உன் ரிப்பனை அறுத்து ஒளித்திருக்கிறார். அவரிடம் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்குத் தெரிய வேணாம், தாங்கமாட்டா என்றார். அதைச் சொல்வதற்கே மூச்சு வாங்கியது.

அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். அந்தத் தாயும் மகளும் ஜீப்பிலிருந்த கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நடையைத் தொடர்ந்துவிட்டார்கள். காற்றுதான் மூடியது என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் போகிறார்கள். அவர்களுக்கும் நீ இருக்கும் குடிலுக்கும் நடுவில் இன்னும் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் எதை மூடினாய் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் அழுகையைத் தள்ளிவை. டிரைவர் உன் பதிலுக்காக வாசலில் நிற்பார். எந்தத் தொட்டி வறண்டிருந்தது, எதை மூடினாய் என்று அவரிடம் சொல். குடிலில் இல்லாவிட்டாலும் ஜீப்பில் வயர்லெஸ் இருக்கிறது, காவலர்களுக்குச் சொல்லிவிடுவார். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல். வெட்கப்பட்டு உத்தேசமாக எதையும் சொல்லிவிடாதே.

பிறகு அதே ஜீப்பில் ஏறி இங்கே வந்துவிடு. வரும் வழியில் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அத்தானுக்கு ஸ்பூனில்தான் தண்ணீர் கொடுக்கவேண்டுமாம். கட்டிலோரம் ஒரு டம்ளர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மூடி இல்லை. நான் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பூச்சி விழாமல் நீ வந்து பார்த்துக்கொள்.

நல்லபடியாக வந்து சேர்.

உன்
அக்கா