கூரையில்லாத வீட்டைக் கூட்டியவள்

2025 யூன் 11

காலையில் என் மனுசனுக்குத் தேத்தண்ணியை வைத்தபோது இவர் மேசையில் தட்டி, “மே... மேசை” என்றார். பாரிசவாதம் வந்த பிறகு நான் கேட்காமல் தானாக வந்த முதல் சொல். நடை பரவாயில்லை. வலக்கை இன்னும் எழும்பவில்லை. பேச்சுத்தான்... தரம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் தமிழ் படிப்பித்தே தலை நரைத்த மனிதர், ஒரு சொல்லுக்காக வாயைத் திறந்துகொண்டு இருக்கிறார்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தரும் பிரதீபா சொன்னாள்: “ரீச்சர், சின்னப் பந்தியளா வாசிச்சுக் காட்டிக் கேள்வி கேளுங்கோ. ஆர், எங்கை எண்டு தொடங்குங்கோ. அவருக்குப் பிடிச்சதா இருந்தா நல்லம்.”

பிடித்தது எது? அலுமாரி நிறைய இவருடைய கிரகித்தல் பயிற்சித் தாள்கள். தானே பந்தி எழுதி, தானே கேள்வி போட்டுத் தயாரித்தவை. நான் கணிதம் படிப்பிக்கிறவள். அவற்றில் ஒன்றைக்கூட ஒழுங்காக வாசித்ததில்லை.

யூன் 19

பள்ளிக்கூட அதிபர் போன் எடுத்தார். இவருடைய லீவு ஒக்ரோபரோடு முடிகிறது. பிறகு மெடிக்கல் போர்ட். படிப்பிக்கலாம் என்று அவர்கள் சொன்னால் வகுப்பு, இல்லையென்றால் ஓய்வு. இவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் நெஞ்சில் தட்டி, “போ... போவன்” என்றார்.

போவார். நான் போகவைப்பேன்.

யூலை 6

இன்றைய பந்தி: காங்கேசன்துறையில் ஆமி பிடித்த காணியைத் திருப்பி விட்டதும் ஒரு புருசனும் மனைவியும் தங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். கூரை இல்லை. அறைக்குள் மரம் முளைத்திருக்கிறது. அவன் பேசாமல் நிற்கிறான். அவள் ஒரு வேப்பங்கொப்பை முறித்து நிலத்தைக் கூட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் பந்தி. கடைசிக் கேள்வி: கூரையில்லாத வீட்டை அவள் ஏன் கூட்டினாள்? உமது கருத்தைக் கூறுக.

இது இவர் எழுதிய நாளில் நான் எட்டிப் பார்த்தது. “குப்பை கிடந்தது, கூட்டினாள். இதிலை என்ன கருத்து?” என்று கேட்டேன். “உனக்கு அஞ்சிலை ஒண்டு தரலாம்” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்று கேட்டேன். ஆர் வந்தது? “பிள்ளை” என்றார். எங்கே வந்தார்கள்? நெடுநேரம் யோசித்து, “பஸ்.” கடைசிக் கேள்விக்கு விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

“நீ.”

“நானில்லையப்பா, பந்தியிலை வாற மனுசி. திருப்பி வாசிப்பம்.”

தலையை ஆட்டினார். திரும்பவும், “நீ.”

பிழை என்று சிவப்புப் பேனையால் போட்டேன். கைப்பழக்கம்.

யூலை 7

தாளை எடுத்து வைத்தேன். கவிழ்த்துவிட்டார்.

ஓகஸ்ட் 2

ஏசிப்போட்டன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏசிற மாதிரி. “எத்தினை தரம் சொல்லுறது? ஒருக்கா கவனியுங்கோவன்!” எண்டு கத்திப்போட்டன்.

இவர் அழேல்லை. கதிரையை விட்டு எழும்பி நிண்டார். இடக்கையாலை வலக்கையைப் பிடிச்சுக்கொண்டு, தலையைக் குனிஞ்சுகொண்டு — வகுப்பிலை பிள்ளையள் எழும்பி நிக்கிற மாதிரி.

ஐயோ. என்ரை மனுசனை நான் எழுப்பி நிப்பாட்டிப்போட்டன்.

இருங்கோ, இருங்கோ எண்டு கெஞ்சினன். இருக்கேல்லை. பிடிச்சுத்தான் இருத்தினன்.

ஓகஸ்ட் 3

பேராதனையிலிருந்து மகள் கோபிகா போன் எடுத்தாள். நேற்று நடந்ததைச் சொன்னேன். “அப்பா உங்கடை வகுப்புப் பிள்ளை இல்லையம்மா” என்றாள்.

“அந்த வகுப்பும் இல்லையெண்டா அவருக்கு என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

ஓகஸ்ட் 14

கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று விளங்கியது. இவர் பிழையாகச் சொல்லவில்லை.

கூரை போன வீட்டைக் கூட்டிக்கொண்டிருப்பவள் நான்தான். சொற்கள் திரும்பி வராது என்று இவருக்கு எனக்கு முந்தியே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எனக்காக ஒவ்வொரு நாளும் வந்து கதிரையில் இருந்திருக்கிறார். பஸ்சும் பிள்ளையும்தான் வாயில் பிசகி வந்தவை. ‘நீ’ என்றதைத் தெரிந்துதான் சொன்னார்.

கையைக் கழுவிவிட்டு அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். பிழையை வெட்டி ஐந்துக்கு ஐந்து போட்டேன். கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. இடக்கையை என் தலையில் வைத்தார்.

வெங்காயம் எண்டு சொல்லலாம் கண்ணுக்கு.

ஒக்ரோபர் 21

மெடிக்கல் போர்ட். மூன்று டொக்டர்மார். நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார்கள். நான் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது.

“ஐயா என்ன வேலை செய்யிறியள்?”

இதற்கான பதிலை நேற்றுவரை பத்துப் பதினைந்து தரம் சொல்லிப் பார்த்தது. நான் படிப்பிக்கவில்லை, இவராகவே கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். இன்று உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. “பிள்... பிள்ளை...” என்றார். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் நின்றது. ஆசிரியர். ஆசிரியர். கடவுளே, ஒருக்கா.

“மேசை” என்றார்.

டொக்டர் ஓமென்று தலையாட்டி எழுதினார்.

பஸ்சில் வரும்போது திருநெல்வேலிச் சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். யாரோ ஒரு பிள்ளை, “சேர், எப்ப வருவியள்?” என்று கேட்டாள். இவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

நவம்பர் 18

ஓய்வுக் கடிதம் வந்து நாலு நாள். மழை விடவில்லை. இவருடைய வகுப்பை இப்போது எடுக்கும் செபநாயகம் சேர் நனைந்துகொண்டு வந்தார். சுற்றி வளைத்துத்தான் கேட்டார்: “குகதாசன் சேரின்ரை கிரகித்தல் தாளுகள் இருந்தா... பிள்ளையளுக்கு உதவும். போட்டோக்கொப்பி அடிச்சிட்டுத் திருப்பித் தாறன்.”

என்ன சொல்வதென்று நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார். ஒற்றைக் கையால் கட்டுக் கட்டாக எடுத்துச் செபநாயகம் சேரின் கையில் வைத்தார்.

“உது போதும் சேர், உது காணும்” என்று அவர் சொல்லச் சொல்ல இவர் வைத்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் மிச்சம் விடவில்லை.

பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். செபநாயகம் சேர் போன பிறகு இவர் வெறும் அலுமாரியைச் சாத்திவிட்டு, அதைப் பார்த்தபடி நின்றார். சாப்பிடக் கூப்பிடவில்லை நான். நிற்கட்டும் என்று விட்டேன்.

2026 ஜனவரி 5

புது வருட வகுப்புத் தொடங்கியது. நான் வெளிக்கிட்டு வர, இவர் கேற்றைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சாரம் கட்டியபடிதான். ஆனால் முகம் வழித்து, தலை வாரி இழுத்திருந்தார்.

ஸ்கூட்டியை வெளியில் எடுத்தேன். ஏதோ சொல்ல எத்தனிக்கிறார் என்று தெரிந்தது. எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“போட்டு வாறன்” என்றார்.

ஒரு எழுத்தும் இடறவில்லை. முழுதாக, பழைய குரலில்.

போவது நான். நிற்பவர் இவர். ‘போட்டு வா’ என்றுதான் வந்திருக்க வேண்டும்.

நான் திருத்தவில்லை.

“ஓம். போட்டு வாங்கோ” என்றேன்.

தலையாட்டினார். பிறகு உள்ளே நின்று கேற்றைச் சாத்தினார்.