மூன்றாவது துண்டின் முடிவில் ஒரு குரல்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். முகம் பார்க்காத அண்ணிதான், ஆனாலும் உரிமையோடு எழுதுகிறேன். அண்ணாவுக்கு இசைத்தாள் புத்தகம் அனுப்பினீர்களே, அந்த உறையில் உங்கள் முகவரி இருந்தது. வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உங்கள் சின்னவளுக்கு இருமல் நின்றதா? அண்ணா கேட்கச் சொன்னார் என்று எழுதத்தான் கை வருகிறது. அவர் இல்லை, தம்பி. போன மாதம் போய்விட்டார்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இணையக் கலைக்களஞ்சியத்தில் அவர் பெயரில் ஒரு ஆள் உங்களோடு மல்லுக்கு நின்றுகொண்டுதானே இருந்தார்? அது நான்தான். ஐரோப்பாவின் ரொமான்டிக் காலத்து இசையமைப்பாளர் ஒருவரின் தனிப் பியானோ இசைத் துண்டுகளைப் பற்றி நீங்கள் இருவரும் சேர்ந்து வளர்த்த அந்தக் கட்டுரையிலிருந்து, அவர் வாசித்த ஒலிப்பதிவை நீங்கள் எடுத்தீர்கள். எடுத்ததைத் திரும்பக் கொண்டுவரும் மீளமை என்ற பொத்தானை நான் அழுத்தினேன். மறுபடி எடுத்தீர்கள். மறுபடி அழுத்தினேன். கணினியை அணைக்காமலேயே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதால் அவர் கணக்கு திறந்தே கிடந்தது. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பொத்தான்தான். வாயே திறக்காமல் இப்படி அடம் பிடித்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள் அண்ணா என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷன் வாய் திறக்காமல் இருந்த நாள் உண்டா!

ஒரு வரிக்குச் சான்று தேடி சாப்பாட்டை ஆறப்போடுவார். அந்தத் துண்டுகளை இசையமைப்பாளர் யாருக்குச் சமர்ப்பித்தார் என்று நீங்கள் இருவரும் முட்டிக்கொண்டீர்களே, அந்த வாரம் முழுக்க எனக்குத்தான் தலைவலி. கடைசியில் நீங்கள் சொன்னதுதான் சரி என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். உங்களிடம் ஒத்துக்கொண்டாரோ என்னவோ.

ஒரு வார்த்தை மட்டும் எனக்குச் சுருக்கென்றது. மூன்றாவது துண்டில் நடுப்பகுதியையே தாண்டிவிட்டீர்களே, இவ்வளவு அலட்சியமா என்று கேட்டிருந்தீர்கள். அலட்சியம் இல்லை, தம்பி. அந்த இடம் முழுக்க இடது கை வேலையாம். அவருக்கு அந்தக் கையில் இரண்டு விரல் அப்போதே மரத்துப் போயிருந்தது. பால் டம்ளர் நழுவி விழுந்தபோதுதான் எனக்கே தெரியும். யாரிடமும் மூச்சு விடாதே என்றார், முக்கியமாக உங்களிடம்.

பதிவின் கடைசியில் யாரோ பேசுகிற சத்தம் கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தாது என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். பதிவை நிறுத்தும் முன் அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, கேட்டியா என்கிறார். நான் கேட்கவே இல்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கேட்டேன், கேட்டேன் என்று ஒப்புக்குக் குரல் கொடுத்தேன். அது பதிவில் விழவில்லை. இப்போது தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறேன். கேட்டியா என்றதும் பதில் சொல்கிறேன்.

நேற்று பேச்சுப் பக்கத்தை முதலிலிருந்து படித்தேன். இதைக் கலைக்களஞ்சியத்தின் முகப்பில் போடும் சிறப்புக் கட்டுரை ஆக்காமல் ஓயமாட்டேன் என்று உங்களிடம் சவால் விட்டிருக்கிறார். பாதி விட்டுப்போன வாசிப்பை வைத்துக்கொண்டு அது நடக்காது என்று என் மரமண்டைக்கும் புரிகிறது. எடுத்துவிடுங்கள், தம்பி. நன்றாக வாசிக்கிறவர் யாரையாவது முழுசாக வாசிக்கவைத்து அங்கே போடுங்கள். இனி நான் கை வைக்க மாட்டேன்.

எடுப்பதற்கு முன்னால் அதை என் போனில் எப்படி இறக்கிவைப்பது என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எழுதி அனுப்புங்கள். உங்கள் பதில் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நீங்களும் பிள்ளையும் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும். அவள் எதையாவது வாசித்துவிட்டுக் கேட்டீங்களா அப்பா என்று வந்தால், எந்த வேலை இருந்தாலும் குழாயை மூடிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணி