ஊதா விரல்

அன்புள்ள மகளே,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஞாயிறு மாலை உன்னைக் கட்டியணைத்தபோது என் விரலில் இருந்தது தேர்தல் மை இல்லை, சிச்சா பானம். அடுப்பில் ஊதாச் சோளம் கொதித்த பானைக்குள் விரலை விட்டேன். நன்றாகச் சுட்டது.

நீ அப்போதே மோப்பம் பிடித்தாய். "என்னப்பா, விரல்ல பட்டையும் கிராம்பும் மணக்குது?"

"இந்தத் தடவை ஒசத்தி மை வாங்கியிருக்காங்கம்மா."

அன்று காலை, 'வாக்களிக்காதவன் வாய் திறக்கக் கூடாது' என்று பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். தாராளச் சிந்தனைக்காரன் அல்லவா, எதிர்த்தரப்பு நியாயத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன். பிறகு அதை மறுத்து இரண்டு பத்தி. தலையைத் தூக்கினால் வாக்குச்சாவடியைப் பூட்டியிருந்தார்கள்.

மேயர் பதவியை நீ ஒரே வாக்கு வித்தியாசத்தில் இழந்தாய். ரொட்டிக்கடை ஹெர்மெலிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல கெடந்த அந்தச் சோம்பேறிப் பய யாருன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க சார். முப்பது வருஷமா லிமா அரசாங்கத்தையே கிழிக்கிறீங்க, இவனை விடலாமா?" என்கிறாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மன்னிக்க வேண்டாம். ஞாயிறு சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடு.

உன் அப்பா

பி.கு. 'தேர்தல் ஞாயிறு எங்க வீட்ல திருவிழா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே அப்பா தன் கையால சிச்சா காய்ச்சுவாரு' என்று மேடையில் பெருமையாகப் பேசினாய். எனக்குச் சிச்சா பிடிக்காது. எந்தத் தேர்தலிலும் ஒரு வாய் குடித்ததில்லை. விரலை மட்டும் நனைத்துக்கொள்வேன்.