வெட்டிப் போட்ட இடுப்புக் கயிறு

அண்ணனுக்கு,

நீங்கள் தென்னை ஏறும் இடுப்புக் கயிற்றை இரண்டாக வெட்டித் தொழுவத்தில் போட்டிருக்கிறேன். கோபப்படுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

"ஏலே, புஸ்தகத்துக்கு நொட்டை சொன்னது பத்தாதுன்னு எங் கயித்துக்கும் சொல்ல வந்துட்டியாக்கும்?" என்று, கயிறு சரியில்லை என நான் சொன்னதற்கு, என் புத்தக விமர்சன வேலையைக் குத்திக்காட்டி நேற்றுக் கேட்டீர்கள். விடிந்ததும் முழம் முழமாகப் புரி பிரித்துப் பார்த்தேன். வெளியே பழுதில்லை, உள்ளே மூன்று இடங்களில் இழை கறுத்து, நகம் பட்டாலே உதிர்கிறது.

குற்றம் என்னுடையது. சென்ற மாதம் மதுரையிலிருந்து என் புத்தகப் பெட்டியை, இங்கிருந்து எடுத்துப்போன அந்தக் கயிற்றால்தான் கட்டி வந்தேன். மழையில் நனைந்ததை உலர்த்தாமல் சாக்குக்குள் திணித்துவிட்டேன். அதை நம்பி ஒரு மாதமாக நீங்கள் மரமேறியிருக்கிறீர்கள்.

இன்றும் நீங்கள் முழுதாக நடமாடுவதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மரமேறி என்னைப் படிக்கவைத்ததற்கு உங்களுக்குச் சொல்கிறேன். இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் புதுக் கயிறு வாங்கி மாலை வண்டியில் வருகிறேன். கஞ்சி அடுப்படியில் மூடியிருக்கிறது.

தம்பி,
தனுஷ்கோடி
12.11.91

பி.கு.: அதற்குள் வேறு கயிறு தேடுவீர்கள் என்று தெரியும். கிணற்றுக் கயிற்றையும் கையோடு கொண்டுபோகிறேன். மதினி ஏசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்டா நிறையத் தண்ணீர் இறைத்து வைத்திருக்கிறேன்.